வாசகர் கேள்வி – பதில்: எல்க் சிட்டியின் லெபனான் மருத்துவர்

கூட்டுறவு வாரத்தை ஒட்டி வெளியான கட்டுரையில், அமெரிக்காவின் முதல் கூட்டுறவு மருத்துவமனையை நிறுவியவர் லெபனானிலிருந்து குடியேறிய மைக்கேல் ஷதீத் என்ற மருத்துவர் என்றும், சக மருத்துவர்கள் எதிர்த்தபோதும் அவர் அங்கே சம்பளத்துக்குப் பணியாற்றினார் என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அவருக்கும் அவருடைய பணிக்கும் ஒதுக்குகிறேன்.

மைக்கேல் ஷதீத் யார்? லெபனானிலிருந்து போனவர் அமெரிக்காவில் மருத்துவமனை கட்டும் அளவுக்கு எப்படி உயர்ந்தார்?
– வாசகர், திருவல்லிக்கேணி

மைக்கேல் ஆபிரகாம் ஷதீத் 1882-ஆம் ஆண்டு, இன்றைய தெற்கு லெபனானில், ஹெர்மோன் மலையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் ஜுதைதத் மர்ஜயூன் என்ற மலையூரில் பிறந்தார். அந்தக் காலத்தில் லெபனான் தனி நாடாக இல்லை. ஒட்டோமான் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட சிரிய நிலத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அவருடைய தாய் பெற்ற பன்னிரண்டு குழந்தைகளில் மூவரே பிழைத்தனர். தந்தையும் விரைவில் இறந்துவிட, பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்ற உறுதியோடு தாய் குடும்பத்தைப் பெய்ரூட்டுக்கு அழைத்துச் சென்றார். பிறந்த வீட்டில் அத்தனை குழந்தைகள் மருத்துவம் கிடைக்காமல் மாண்டதை அறிந்து வளர்ந்த ஒருவர், பிற்காலத்தில் எதற்காகத் தன் வருமானத்தையும் நிம்மதியையும் பணயம் வைத்தார் என்பதை இந்தச் செய்தியிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

1898-இல், பதினாறாவது வயதில், அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மருத்துவம் படிக்கப் பணம் வேண்டும். கையில் இருந்ததோ ஒன்றுமில்லை. ஆகவே மலிவான நகைகளைப் பெட்டியில் வைத்துச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, வீடு வீடாக விற்றார். சில ஆண்டுகளில் தாயையும் உடன்பிறந்தவர்களையும் வரவழைக்கவும் கல்லூரிக்குச் செல்லவும் தேவையான தொகையைச் சேர்த்துவிட்டார். டெக்சஸ் மாநிலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1907-இல் பட்டம் பெற்றார். பிறகு ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பருத்தி விவசாயிகள் வாழும் சிற்றூர்களில் தொழில் நடத்தி, 1920-களில் எல்க் சிட்டியில் நிலைகொண்டார். ஆறாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் அவருக்கு நல்ல வருமானமும் நல்ல பெயரும் இருந்தன. 1929-இல், நாற்பத்தேழு வயதில், பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் பருவத்தில், கூட்டுறவு மருத்துவமனைத் திட்டத்தை விவசாயிகளின் முன் வைத்தார். 1931 ஆகஸ்டில் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1966-இல் அவர் காலமானார்.

லெபனான்காரர்கள் அத்தனை பேர் ஏன் ஊரை விட்டுப் போனார்கள்? போன இடத்தில் எல்லோரும் தலைச்சுமை வியாபாரமே செய்தார்களா?
– வாசகி, மயிலாப்பூர்

லெபனான் மலையின் பொருளாதாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் பட்டுத் தொழிலை நம்பியிருந்தது. மலைச்சரிவுகளில் முசுக்கட்டை மரம் வளர்த்து, பட்டுப்புழு வளர்த்து, நூலைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். சீனப் பட்டும் ஜப்பானியப் பட்டும் சந்தைக்கு வந்து விலையை இறக்கியபோது, துண்டு துண்டாகிப் போன நிலத்தை வைத்துக்கொண்டு பெரிய குடும்பங்கள் பிழைக்க முடியாமல் போயிற்று. 1860-இல் நிகழ்ந்த சமயக் கலவரத்தின் நினைவும், ஒட்டோமான் ராணுவத்தில் சேர்க்கப்படுவோமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டன. அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, ஆஸ்திரேலியா, மேற்கு ஆப்பிரிக்கா என்று அவர்கள் பரவினார்கள். பின்னர் முதல் உலகப் போரின்போது, 1915 முதல் 1918 வரை, லெபனான் மலையைத் தாக்கிய பெரும் பஞ்சம், ஊரில் மிஞ்சியிருந்தவர்களில் பெரும் பகுதியினரைக் கொன்றது.

எல்லோரும் சுமை வியாபாரம் செய்யவில்லை. ஆலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆனால் சுமை வியாபாரத்துக்கு முதலும் வேண்டியதில்லை, மொழியும் அதிகம் வேண்டியதில்லை. நியூயார்க் நகரின் வாஷிங்டன் தெருவில் இருந்த மொத்த வியாபாரிகள், தங்கள் மலைநாட்டிலிருந்து வந்து இறங்கிய இளைஞர்களுக்கு ஊசி, நூல், சீப்பு, சரிகை, ஜெபமாலை போன்றவற்றைக் கடனாகக் கொடுத்து அனுப்பினார்கள். விற்று வந்த பிறகு கணக்குத் தீர்த்தால் போதும். பெண்களும் கணிசமான அளவில் இந்தத் தொழிலில் இருந்தார்கள். பண்ணை வீடுகளில் தனித்திருந்த பெண்கள் கதவைத் திறக்க அது உதவியது.

கடைத்தெருவுக்குப் பல மைல் தூரத்தில் இருந்த பண்ணை வீடுகளுக்கே போய் விற்பதுதான் இந்தத் தொழில். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நம் ஊர்க்காரர்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஷதீத்தின் வாழ்க்கையில் இதற்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. பண்ணைக் குடும்பம் எந்த மாதத்தில் கையில் காசு வைத்திருக்கும், எந்த மாதத்தில் கடனில் இருக்கும், அந்தக் குடும்பத்தின் பெண் எந்தச் செலவை முதலில் தள்ளிப்போடுவாள் என்பதையெல்லாம் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்பே அறிந்துகொண்ட மருத்துவர் அவர். அவருடைய மருத்துவமனைத் திட்டத்தின் கணக்கு முழுவதும் அந்த அறிவின் மேல் நிற்கிறது.

கூட்டுறவு மருத்துவமனை எப்படி இயங்கியது? யார் பணம் போட்டார்கள், யார் நடத்தினார்கள்? விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.
– கல்லூரி மாணவர், தாம்பரம்

முதலில் அவர் கண்ட குறைகளைச் சொல்கிறேன். எல்க் சிட்டியைச் சுற்றியிருந்த விவசாயி, நோய் வந்தவுடன் மருத்துவரிடம் வருவதில்லை. கட்டணம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அறுவடைக்கு முன் கையில் பணமும் இருக்காது. ஆகவே பொறுத்துப் பார்ப்பான். குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே அறுவை செய்தால் பிழைத்துக்கொள்ளலாம். குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவிவிட்டால், பென்சிலின் புழக்கத்துக்கு வராத அந்த நாட்களில், சிறந்த அறுவை மருத்துவராலும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. செலவுக்கு அஞ்சிக் காத்திருந்த இரண்டு நாட்கள் உயிரை எடுத்துவிடும். மறுபக்கம், ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தியதால், எக்ஸ்ரே கருவியும் பரிசோதனைக் கூடமும் எவரிடமும் முழுமையாக இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஆள் அனுப்பிய மருத்துவருக்குக் கட்டணத்தில் பங்கு கொடுக்கும் வழக்கத்தால் தேவையற்ற அறுவைகளும் நடந்தன.

இவற்றுக்கு ஷதீத் கண்ட வழி, தானியக் கிடங்கையும் பருத்தி அரவை ஆலையையும் விவசாயிகள் கூட்டாகச் சொந்தம் கொண்டாடுவதுபோல் மருத்துவமனையையும் அவர்களே சொந்தமாக்கிக்கொள்வது. இந்த முறைக்கு மூலம் 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் நெசவாளர்கள் முதலானோர் தொடங்கிய கடை. எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்பது அதன் அடிப்படை. எல்க் சிட்டியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பங்கு, பங்கின் விலை 50 டாலர் என்று வைத்தார்கள். இரண்டாயிரம் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலர். அதைக் கொண்டு கட்டடமும் கருவிகளும் வாங்கலாம் என்பது திட்டம். ஓக்லஹோமா விவசாயிகள் சங்கம் ஆதரவு தந்தது.

காலம் மிகக் கொடியதாக அமைந்தது. 1929-இல் ஒரு பவுண்டு பருத்திக்குக் கிடைத்த விலை, மருத்துவமனை திறக்கப்பட்ட 1931-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. சில ஆண்டுகளில் புழுதிப் புயல்களும் வறட்சியும் அந்த நிலத்தையே காலி செய்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலிபோர்னியாவை நோக்கிக் கிளம்பின. ஐம்பது டாலரைத் தவணையில் கட்டத் தொடங்கியவர்களில் பலரால் மீதித் தொகையைக் கட்ட முடியவில்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கட்டடம் எழுந்து, மூடப்படாமல் நின்றதே பெரிய செய்தி.

நிர்வாகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கட்டடம், கணக்கு, ஊழியர் நியமனம், கட்டணம் ஆகியவற்றை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த விவசாயிகளின் குழு தீர்மானித்தது. யாருக்கு என்ன சிகிச்சை என்பதை மருத்துவர்கள் மட்டுமே தீர்மானித்தார்கள். அதில் குழு தலையிடக் கூடாது. மருத்துவர்களுக்குச் சம்பளம். ஆகவே ஓர் அறுவையைச் செய்வதாலோ செய்யாமல் விடுவதாலோ அவர்களுடைய வருமானம் மாறாது. தொடக்கத்தில் உறுப்பினர்களுக்குக் குறைந்த கட்டணம் என்று இருந்தது. பின்னர் குடும்பத்துக்கு ஆண்டுச் சந்தா என்ற முறை வந்தது. நோய் வந்த பிறகு பணம் தேடுவதை விட்டு, அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போது சந்தாவைக் கட்டிவிட்டால், அடுத்த அறுவடை வரை மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை. இந்த இடத்தில்தான் பழைய சுமை வியாபாரியின் கை தெரிகிறது.

அதே 1929-இல், பக்கத்து மாநிலமான டெக்சஸின் டல்லஸ் நகரில், பள்ளி ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால் பேய்லர் மருத்துவமனையில் ஆண்டுக்கு 21 நாள் தங்கிச் சிகிச்சை பெறலாம் என்ற திட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் பிற்காலத்து புளூ கிராஸ் மருத்துவக் காப்பீடுகளுக்கு அதுவே முன்னோடி. இரண்டும் முன்கூட்டிப் பணம் கட்டும் திட்டங்கள்தான். டல்லஸ் ஆசிரியர் மருத்துவமனைக்கு வாடிக்கையாளராகவே இருந்தார். எல்க் சிட்டி விவசாயி கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உரிமையாளர். அமெரிக்கா பெருமளவில் பின்பற்றியது டல்லஸ் வழியை. அதற்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

மருத்துவர்கள் அவரை எதிர்த்ததாக எழுதியிருந்தீர்கள். நோயாளிகளைத் தேடிப் போய்ச் சேர்ப்பதும் விளம்பரம் செய்வதும் நம் நாட்டிலும் மருத்துவ ஒழுக்கத்துக்கு விரோதமானவையே. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கலாம் அல்லவா?
– ஓய்வு பெற்ற அரசு மருத்துவர், அண்ணா நகர்

மதிப்புக்குரிய டாக்டர் ஐயா, தங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் பதில் சொல்ல விரும்பவில்லை. அமெரிக்காவில் ரயில்வே நிறுவனங்களும் சுரங்க முதலாளிகளும் மருத்துவர்களை மொத்த ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தார்கள். அடிபட்ட தொழிலாளியின் நலனைவிட முதலாளியின் நஷ்ட ஈட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டிய நிலை அந்த மருத்துவர்களுக்கு இருந்தது. ஆகவே ஒப்பந்த மருத்துவத்தின் மீது மருத்துவச் சங்கங்களுக்கு இருந்த வெறுப்பு காரணமற்றதாக இருக்கவில்லை.

ஆனால் எல்க் சிட்டியில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு முதலாளி இல்லை, நோயாளிகளே உரிமையாளர்கள். எதிர்த்தவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவில்லை. அவர்கள் கையாண்ட வழியையும் பாருங்கள். ஷதீத் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெக்கம் மாவட்ட மருத்துவச் சங்கத்தின் உறுப்பினர். அவரை நேராக நீக்கினால் குற்றச்சாட்டைச் சொல்லி விசாரிக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆகவே சங்கத்தையே கலைத்தார்கள். சில மாதங்கள் கழித்து அவரை மட்டும் சேர்க்காமல் மறுபடி தொடங்கினார்கள். சங்கத்தில் இல்லாதவருக்கு, சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் காக்கும் தொழில்முறைக் காப்பீடு கிடைப்பது கடினம். அவர் வெளி மாநிலங்களிலிருந்து அழைத்து வந்த மருத்துவர்களுக்கு ஓக்லஹோமாவில் உரிமம் கிடைப்பதில் தடைகள் எழுந்தன. அவருடைய உரிமத்தையே பறிக்கவும் முயற்சி நடந்தது. விவசாயிகள் ஆளுநர் வில்லியம் முர்ரேயிடம் முறையிட்டார்கள். அவர் ஷதீத்தின் பக்கம் நின்றதால் உரிமம் தப்பியது. ஓர் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய தங்களுக்கு, சக மருத்துவர்கள் ஒருவரை இப்படி ஒதுக்கிவைத்தால் நோயாளிகளுக்கு என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது ஒரு சிற்றூர்ப் பகையாக மட்டும் இருக்கவில்லை. 1932-இல், மருத்துவச் செலவு பற்றி ஐந்தாண்டுகள் ஆராய்ந்த தேசிய அளவிலான குழு ஒன்று, மருத்துவர்கள் குழுவாகப் பணியாற்றுவதையும் மக்கள் முன்கூட்டிப் பணம் கட்டுவதையும் பெரும்பான்மைக் கருத்தாகப் பரிந்துரைத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அதைப் பொதுவுடைமை என்றும் புரட்சிக்குத் தூண்டுவது என்றும் தாக்கி எழுதியது. வாஷிங்டன் நகரில் அரசு ஊழியர்கள் 1937-இல் தொடங்கிய மருத்துவக் கூட்டுறவு ஒன்றை முடக்க முயன்றதற்காக அதே சங்கம் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1943-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஷதீத் தனி மனிதராக எதிர்கொண்டது இப்படிப்பட்ட அமைப்பை. அவர் நோயாளிகளைத் தேடிப் போனார் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, விவசாயிகளின் கூட்டங்களில் அவர் பேசியது உண்மை. ஒரு சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள் என்று திறந்த மேடையில் அழைப்பதை, தரகர் வைத்து நோயாளி பிடிப்பதோடு ஒன்றாக எண்ண என் மனம் ஒப்பவில்லை.

அவரும் சம்பளம் வாங்கினார் என்கிறீர்கள். அப்படியானால் அதைச் சேவை என்று எப்படிச் சொல்ல முடியும்?
– வாசகர், குரோம்பேட்டை

தாராளமாகச் சொல்லலாம். ஏழைக்கு இலவசமாக மருத்துவம் பார்க்கும் மருத்துவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த மருத்துவர் மறைந்தால் அந்த ஏழைக்கு மறுபடியும் யாரும் இல்லை. ஷதீத் விவசாயியிடம் பணம் வாங்கினார். வாங்கிய பணத்துக்குக் கட்டடத்தின் உரிமையையும் நிர்வாகத்தில் வாக்கையும் கணக்குக் கேட்கும் தகுதியையும் கொடுத்தார். உதவி கேட்டு வாசலில் நிற்கும் நிலையிலிருந்து அவனை விடுவித்தார். தனியாகத் தொழில் நடத்தியிருந்தால் அதைவிடப் பல மடங்கு சம்பாதித்திருக்கலாம் என்பதும், வேறு நாட்டில் பிறந்தவர் என்ற ஏச்சைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் உண்மை. என் கணக்கில் இது சேவைதான். நீடித்து நிற்கும் சேவை.

இது போன்ற முயற்சி சென்னையில் நடந்திருக்கிறதா?
– வாசகி, அடையாறு

நீங்கள் இருக்கும் பகுதிக்கு மிக அருகிலேயே நடந்திருக்கிறது. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ், நாம் வி.எச்.எஸ். என்று அழைக்கும் தரமணி மருத்துவமனை, இந்தச் சிந்தனைக்கு நெருங்கிய உறவு. குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்டி, குடும்பம் முழுவதும் மருத்துவம் பெறும் திட்டத்தை அவர் வகுத்தார். வருமானம் கூடியவர் கூடுதலாகவும், குறைந்தவர் மிகக் குறைவாகவும் கட்டுவார்கள். ஏழையும் ஏதேனும் ஒரு தொகையைத் தன் கையால் கட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கிராமங்களில் சிறு நலவாழ்வு மையங்களை அமைத்து, அங்கிருந்த மக்களின் பங்களிப்போடு நடத்தினார். வி.எச்.எஸ். உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு அமைப்பாக இருக்கவில்லை, தன்னார்வச் சங்கம். ஆயினும் நோய் வருவதற்கு முன்பே குடும்பமாகச் சேர்ந்துகொள்வது என்ற அடிப்படை ஒன்றே.

கூட்டுறவைப் பொறுத்தவரை சென்னை எவருக்கும் பிந்திய ஊராக இருந்ததில்லை. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. டி.யு.சி.எஸ். என்று நாம் அழைக்கும் அதன் கடையில் அரிசியும் பருப்பும் வாங்கி வளர்ந்த குடும்பங்கள் இந்த இதழின் வாசகர்களிலேயே ஏராளமாக இருக்கும். மளிகைக்குச் செய்ததை மருத்துவத்துக்கு நாம் பெரிய அளவில் செய்யவில்லை. கேரளத்தில் செய்தார்கள்: தலச்சேரி, கண்ணூர், பெரிந்தல்மண்ணா ஆகிய ஊர்களில் கூட்டுறவு மருத்துவமனைகள் இன்றும் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் வலுவாக இருந்ததால் அந்தத் தேவை எழவில்லை என்று ஒரு காரணம் சொல்லலாம். அது நமக்குப் பெருமையும்கூட. அரசு மருத்துவமனைக்கும் போகாமல், தனியார் மருத்துவமனையின் கட்டணத்தையும் தாங்க முடியாமல் இடையில் நிற்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்தக் காரணம் ஆறுதல் தராது.

அந்தக் காலத்தில் ஓர் இந்தியர் அமெரிக்காவுக்குப் போயிருந்தால் ஷதீத்தைப் போல வாழ்ந்திருக்க முடியுமா?
– மாணவி, ராயப்பேட்டை

மிகக் கடினமாக இருந்திருக்கும். அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் அப்போது வெள்ளையர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை பெற வழி வைத்திருந்தது. லெபனான், சிரியப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் வெள்ளையர்களா என்ற வழக்குகள் பல நீதிமன்றங்களில் நடந்தன. ஜார்ஜ் டவ் என்பவரின் வழக்கில் 1915-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-இல்தான் சட்டம் மாறியது. நீதிபதிகள் வகுத்த ஒரு கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு மக்களின் எதிர்காலம் பிரிந்துபோனதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஷதீத்தைத் தவிர மருத்துவத்துறையில் லெபனான் வழிவந்தவர்கள் யாராவது உண்டா?
– வாசகர், வில்லிவாக்கம்

பலர் உண்டு, மூவரை மட்டும் குறிப்பிடுகிறேன். லூசியானாவில் லெபனான் குடியேறிகளின் மகனாக 1908-இல் பிறந்த மைக்கேல் டிபேக்கி, தாயிடம் கற்ற தையலைக் கொண்டு டேக்ரான் துணியில் செயற்கை இரத்தக் குழாயைத் தைத்த புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் சிரிய, லெபனானியக் குடும்பங்களின் பெண்கள் அட்மா ஜாஃபெட் தலைமையில் 1921-இல் சங்கம் தொடங்கி மருத்துவமனை கட்டப் புறப்பட்டார்கள். நடுவில் அரசு கட்டடத்தை எடுத்துக்கொண்டதால் 1965-இல்தான் திறக்க முடிந்தது. நடிகர் டேனி தாமஸ், லெபனானின் ப்ஷர்ரி ஊரிலிருந்து வந்தவர்களின் மகன். 1962-இல் மெம்ஃபிஸ் நகரில் அவர் திறந்த குழந்தைகள் மருத்துவமனை, புற்றுநோய் வந்த குழந்தையின் பெற்றோரிடம் கட்டணம் கேட்பதில்லை.

எல்க் சிட்டி மருத்துவமனையின் முன்மாதிரி வேறு எங்காவது பரவியதா?
– வாசகர், கொளத்தூர்

பரவியது. ஷதீத் பல மாநிலங்களுக்குச் சென்று பேசினார். மருத்துவக் கூட்டுறவுகளின் தேசியக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார். 1945-இல் சியாட்டில் நகரில் அவர் பேசியதைக் கேட்ட தொழிற்சங்கத்தினரும் விவசாயிகளும் சேர்ந்து தொடங்கிய குரூப் ஹெல்த் கூட்டுறவு, 1947 முதல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அங்கேயும் உள்ளூர் மருத்துவச் சங்கம் எதிர்த்தது. 1951-இல் மாநில உச்ச நீதிமன்றம் கூட்டுறவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு எழுபது ஆண்டுகள் இயங்கிய அந்த அமைப்பு 2017-இல் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ நிறுவனத்தோடு இணைந்தது.

எங்கள் குடியிருப்பில் சுமார் இருநூறு குடும்பங்கள் இருக்கின்றன. முதியவர்கள் அதிகம். சங்கத்தின் மூலம் மருத்துவத்துக்கு ஒரு பொது நிதி தொடங்கலாமா?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், பெரம்பூர்

தொடங்கலாம், ஆனால் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் இவ்வளவு பணம் தருவோம் என்று வாக்குறுதி கொடுத்துச் சந்தா வாங்கினால் அது காப்பீட்டுத் தொழிலாகக் கருதப்படக்கூடும். அதற்கு உரிய ஆணையத்தின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. இருநூறு குடும்பங்களின் நிதி ஓர் இதய அறுவையின் செலவைக்கூடத் தாங்காது. ஆகவே பெரிய சிகிச்சைகளுக்கு, தகுதியுள்ள குடும்பங்களை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்ய உதவுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். மற்றவர்கள் குழுக் காப்பீடு எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் நிதி செய்யக்கூடியது அன்றாட மருத்துவம். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஒரு மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு செவிலியரை வைப்பது, பரிசோதனைக் கூடத்தோடு பேசிக் கட்டணத்தைக் குறைப்பது ஆகியவை கைக்கு எட்டியவை. முதியவர்கள் மட்டும் சேர்வதென்று வைத்தால் செலவு ஏறி, சந்தா ஏறி, உடல்நலம் உள்ளவர்கள் விலகி, நிதி சில ஆண்டுகளில் வற்றிவிடும். ஆகவே தனி நபர்களைச் சேர்க்காமல் குடும்பம் முழுவதையும் சேருங்கள். நோய் வந்த பிறகு சேர வருபவர்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் வையுங்கள். கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மருத்துவர் எழுதும் மருந்தைப் பற்றிக் குழு உறுப்பினர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வைத்துவிடுங்கள்; எல்க் சிட்டி விவசாயிகள் அதைச் செய்ததால்தான் நல்ல மருத்துவர்கள் அங்கே தங்கினார்கள். பதிவு செய்யும் முறைக்கு, உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்து, அதன் விதிகளில் இந்தப் பணிக்கு இடம் உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கூட்டம் நடந்த பிறகு, எத்தனை குடும்பங்கள் இசைந்தன என்பதையும் என்ன சந்தா முடிவாயிற்று என்பதையும் எழுதி அனுப்பினால், வரவு செலவை எப்படித் திட்டமிடலாம் என்று இதே பகுதியில் எழுதுகிறேன்.